வாதாடாத வக்கீல் வேண்டும்

'மெதுவா மாஸ்டர்' என்று பெயர் வாங்கியவர் அந்த ஊரிலேயே ஒரு காரியத்தையும் மெதுவாகச் செய்யத் தெரியாத மனிதர். காரோட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா, மெதுவா, அட மெதுவாங்க" என்று அவர் போடும் சத்தம் தெருவில் நடப்பவர்களுக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் பதறி, கற்றுக்கொள்ள வந்தவர் இன்னும் வேகமாக மிதிப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். டீயை நின்றுகொண்டே குடிப்பார். செருப்பு மாட்டிக்கொண்டே போன் பேசுவார். நாற்காலி கொடுத்தால் அதன் நுனியில்தான் உட்காருவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி என்று சொல்வோமே, மற்றவர்களுக்கு அது என்றைக்காவது ஒருநாள். அவருக்கு அது அன்றாடம்.

காரணம் இல்லாமலும் இல்லை. இளம் வயதில் ஒரு தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டினார். ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. பஸ் தாமதித்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் சம்பளத்தில் வெட்டு விழும். அத்தனை பேர் வாயும் ஓட்டுநர் மேல் விழும். அந்த வாய்களுக்குப் பயந்தே வளர்ந்த அவசரம் அது. தொழிற்சாலையை மூடிய பிறகும் அவசரத்தை மூட முடியவில்லை. பழைய கார் ஒன்றை வாங்கி, தன் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, பள்ளி ஆரம்பித்தார்.

கையால் தடவிவிட்டதுபோல் தட்டையான ஊர் அது. ஏறுகிற மாதிரி ஒரு ரோடு கிடையாது. லைசென்ஸ் பரீட்சையிலோ, ஏற்றத்தின் நடுவில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடியும் கிளப்பிக் காட்ட வேண்டும். நன்றாக ஓட்டுகிறவர்கள்கூட அங்கேதான் கவிழ்ந்தார்கள். அப்போது அவரோடு வேலைக்குச் சேர்ந்திருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, அதற்கு வழி கண்டுபிடித்தான். அவன் அதுவரை கட்டட வேலையில் இருந்தவன். மாஸ்டர் குத்தகைக்கு எடுத்திருந்த காலி மனையில், பழைய கிடங்கின் பின்புறம், கல்லும் கம்பியும் சிமென்டுமாகச் சேர்த்து அவனே ஒரு சரிவு கட்டினான். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். எல்லோரும் அதை 'மேடு' என்றார்கள். அந்த மேட்டில் பழகியவர்கள் பரீட்சையில் தேறினார்கள். பள்ளிக்கு ஆள் குவிந்தது.

பிறகு மைத்துனன் தனியாகப் போக நினைத்தான். சண்டை எதுவும் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டது, சொந்தமாக ஒரு போர்டு மாட்ட ஆசை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். மாஸ்டருக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. எழுந்து நின்று அவன் தோளைத் தட்டினார்.

"எங்க வேணா போர்டு மாட்டு மாப்ளே. மேடு உன்னோடது. நீ கட்டினது. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் உன் ஆளுங்க அதுல ஏறலாம், இறங்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கிச் சிரித்தாள். அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி. காகிதம் எதுவும் கிடையாது. சொந்தத்துக்குள் யார் எழுதி வாங்குகிறார்கள்?

மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற வாத்தியார். சத்தம் போட மாட்டான். அதுதான் வினை. மாஸ்டரிடம் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி அந்தப் பக்கம் போனார்கள். போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில், தன்னிடம் கற்றுக்கொண்டு பாதியில் நின்றுபோன வங்கிக்காரம்மா, மைத்துனன் பக்கத்தில் இருக்க, மேட்டின் நடுவில் காரை நிறுத்திப் பூப்போல் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்தார். அந்தம்மா ஜன்னல் வழியே கையை வேறு ஆட்டி, "வணக்கம் மாஸ்டர்" என்றாள். கெட்ட எண்ணத்தில் ஆட்டிய கை இல்லை. ஆனாலும் அந்தக் கையாட்டல் அவருக்குச் செரிக்கவில்லை. அன்றைக்கே ஒரு பூட்டு வாங்கி மனையின் கேட்டில் மாட்டினார்.

மைத்துனன் ஓடி வந்தான். "மாமா, பூட்டு எதுக்கு?"

"என் எடம். என் பூட்டு."

"மேடு என்னோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்?"

சொல்லி முடித்ததுமே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயிலிருந்து வந்துவிட்டது. இனி அதைத் திரும்ப விழுங்க வேண்டும். மற்றவர்கள் விழுங்குவார்கள். இவர் விழுங்க மாட்டார். முயலுக்கு மூணு கால் என்றால் மூணு கால்தான்.

சில வாரங்களில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மேட்டைப் பயன்படுத்தும் உரிமை வாய்மொழியாகத் தரப்பட்டது, அதைத் தடுப்பது முறையல்ல, பூட்டைத் திறக்காவிட்டால் வழக்கு. கடைசியில் ஒரு வரி: இதற்குச் சாட்சி, எதிர்த்தரப்பினரின் மனைவியும் எங்கள் கட்சிக்காரரின் உடன்பிறந்த சகோதரியும் ஆனவர்.

மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தைகளிடம் "வலிக்காது" என்று சொல்லச் சொல்லி டாக்டர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அவள் "கொஞ்சம் வலிக்கும். உடனே போயிடும்" என்றுதான் சொல்வாள். அதற்காகவே குழந்தைகள் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள் அந்த நோட்டீஸை நின்றபடியே முழுக்கப் படித்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள்.

"கோர்ட்டுல கூப்பிட்டா, நீங்க அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லிடறேன். விடுங்க."

ஊறவைத்திருந்த துணியைத் துவைக்கப் போய்விட்டாள்.

இதைக் கேட்டு வேறொருவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். மெதுவா மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்ன விதம்தான் அவரைப் போட்டு அரித்தது. 'சொன்னீங்களா?' என்று கேட்கவில்லை. 'சொன்னீங்களே' என்று குத்திக்காட்டவும் இல்லை. அவர் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவளைவிட மிகச் சின்னவன் அந்தத் தம்பி. அம்மா வேலைக்குப் போய்விட, அவனை இடுப்பில் சுமந்து, பள்ளிக்கூடத்தில் விட்டு, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளாக்கியவள் அவள். அவன் கண்ணெதிரே கூண்டில் ஏறி, சத்தியம் பண்ணி, பொய் சொல்லப்போகிறாள். அன்றோடு அக்கா தம்பி என்பது முடிந்துபோகும். தன் பூட்டினால் அது முடியக்கூடாது. இந்த ஒன்று மட்டும் அவர் மண்டையில் தெளிவாக இருந்தது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருந்ததே என்று கேட்பீர்கள். மைத்துனன் வீடு அடுத்த தெருவில்தான். போய், 'சொன்னேன்டா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தத் தெருமுனை வரை அவர் பலமுறை போனார். திருப்பத்தில் ஏதாவது வேலை நினைவுக்கு வரும், திரும்பிவிடுவார். வீம்பு பிடித்தவனுக்கு வேலைக்கா பஞ்சம்?

ஆகவே வக்கீலைத் தேடினார். சண்டை போடுகிற வக்கீல் வேண்டாம். கோர்ட்டுக்கு வெளியில் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துவிடுகிற வக்கீல் வேண்டும். பூட்டைத் திறக்கவும் வேண்டும், 'சொன்னேன்' என்று சொல்லாமலும் இருக்க வேண்டும், மனைவி வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரக்கூடாது. அப்படி ஒரு வழி சட்டப் புத்தகத்தில் எங்கேயாவது இருக்கும் என்று நம்பினார்.

முதலில் போனது பேர்போன வக்கீலிடம். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கத் தடித் தடிப் புத்தகங்கள். நோட்டீஸைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாட்சி உங்க மனைவி. அவங்க என்ன சொல்வாங்க?"

"நான் சொல்லலைன்னு சொல்வாங்க."

"அப்புறம் என்ன சார், கேஸ் நம்ம கையில. ஒரு தடவை அழைச்சுட்டு வாங்க. எதிர்த்தரப்பு எப்படியெல்லாம் மடக்குவாங்கன்னு நான் கேக்கறேன், எப்படிப் பதில் சொல்லணும்னு பழக்கிடலாம். நீங்க கார் பழக்கலையா? அதே மாதிரிதான்."

மாஸ்டர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தவர், படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டார்.

அடுத்தவர் தன் போர்டிலேயே 'சமரசம் பேசப்படும்' என்று எழுதியிருந்தார். மாஸ்டருக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் பேசுகிற சமரசம் ஒரு தினுசு. ஒரு கடிதம் சொல்லிச் சொல்லி டைப் அடிக்கவைத்தார். அதில் சமரசம் என்ற சொல் வரிக்கு வரி வந்தது. மறுத்தால் மேட்டையே இடித்துத் தள்ளுவோம் என்பதும் வந்தது.

"இது மிரட்டல் மாதிரி இருக்கே சார்?"

"மிரட்டாம யாரு சமரசத்துக்கு வருவா?"

அங்கேயும் எழுந்துவிட்டார். காரோட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களையும் விடவில்லை. கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே, "உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காங்களா? சண்டை போடாதவங்க?" என்பார். ஓட்டுகிறவர் வக்கீலை யோசிப்பாரா, கிளட்சை யோசிப்பாரா? வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். "மெதுவா, மெதுவா" என்பார் மாஸ்டர்.

கடைசியில் கோர்ட்டு வாசலுக்கே போய் நின்றார். கறுப்புக் கோட்டுகள் பறந்துகொண்டிருந்தன. மரத்தடியில் மனு டைப் அடித்துத் தரும் ஒருவரிடம் கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாதாடாத வக்கீல் வேணுமா? முடி வெட்டாத சலூன் எங்க இருக்குன்னு கேக்கற மாதிரி இருக்கு." பிறகு கொஞ்சம் யோசித்து, "இருக்காங்க ஒருத்தங்க. இந்தப் பக்கம் வர்றதையே நிறுத்திட்டாங்க. கண்ணாடிக் கடை மாடில பாருங்க. மத்தியஸ்தம் மட்டும்தான். எங்களுக்கு அவங்களால பைசா பிரயோஜனம் இல்லை" என்றார்.

மாடிப்படி குறுகல். மேலே இரண்டு சின்ன அறைகள், அவற்றுக்கு முன்னால் உட்காரக் கொஞ்சம் இடம். ஒரு அறையில் வட்ட மேசை. அதைச் சுற்றி எல்லாம் ஒரே உயர நாற்காலிகள். வக்கீலம்மா நரைத்த தலை, குள்ளமான உருவம். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஆள் ஒரு தெருவைக் கடந்து வந்துவிடலாம், அவ்வளவு நிதானம். மாஸ்டருக்கு நாக்கு துறுதுறுவென்றது. அவர் வாக்கியங்களை இவரே முடித்துக்கொடுத்தார்.

"நான் உங்களுக்கு…"

"ஜெயிச்சுத் தருவீங்க."

"…வக்கீல் இல்லைங்க. உங்க மைத்துனருக்கும் இல்லை. நடுவுல உக்காருவேன். தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவரும் சம்மதிச்சாத்தான் ஆரம்பிக்கவே முடியும்."

மாஸ்டர் தலையாட்டினார். புரிந்து ஆட்டிய தலை இல்லை. வக்கீலம்மா பஸ்ஸில்தான் வந்து போகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், "நான் கார் ஓட்டக் கத்துத் தர்றேன்மா. உங்ககிட்ட போய்ப் பணம் வாங்குவேனா?" என்றார். அந்தம்மா சிரித்தார்.

"அவர்கிட்டேர்ந்தும் உங்ககிட்டேர்ந்தும் நான் எதுவும் வாங்கக்கூடாது. ஃபீஸ்கூட ஆளுக்குப் பாதி. பஸ் எனக்குப் பழகிடுச்சு."

படியிறங்கும்போது மாஸ்டருக்குக் கொஞ்சம் எரிச்சல். யார் பக்கமும் சாயாத ஆளை நம்பி என்ன செய்வது? ஆனால் அதைவிட்டால் வேறு கதியும் இல்லை.

வக்கீலம்மா எழுதிய கடிதத்துக்கு மைத்துனனிடமிருந்து சீக்கிரமே பதில் வந்தது. வரச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை: அக்காவும் வர வேண்டும்.

எதற்காக இத்தனை படி ஏறி இறங்கினாரோ அதன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டான். மாஸ்டர் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்திரு. நான் பாத்துக்கறேன்."

அவள் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே, "சரி" என்றாள். வருகிறேன் என்பதற்கா, பேச மாட்டேன் என்பதற்கா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாள் வந்தது. வட்ட மேசையில் வக்கீலம்மாவுக்கு ஒரு பக்கம் மாஸ்டர், இன்னொரு பக்கம் மைத்துனன். மனைவி தம்பிக்கும் கணவனுக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி "வா அக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. மேட்டை எப்படிக் கட்டினான், எந்தச் சிமென்ட், எத்தனை நாள் தண்ணீர் விட்டான் என்றெல்லாம் வக்கீலம்மாவிடம் மட்டும் சொன்னான். மாஸ்டர் குறுக்கே குறுக்கே விழுந்தார். ஒவ்வொரு முறையும் வக்கீலம்மா கையை லேசாக உயர்த்தினார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகப் பேச அடுத்த அறைக்கு அழைத்தார்.

"இங்க சொல்றதை உங்க அனுமதி இல்லாம அந்தப் பக்கம் சொல்ல மாட்டேன்" என்றார் மாஸ்டரிடம்.

அதைக் கேட்டதும் அவருக்குள் ஏதோ உடைந்துவிட்டது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தம்மாவிடம் கொட்டினார்.

"சொன்னேன்மா. மேடு உன்னோடதுன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் இல்லைன்னேன். அவன்கிட்ட ஆளு போகுதேன்னு வயித்தெரிச்சல். கோர்ட்டுக்குப் போனா எனக்காக இவ பொய் சொல்லணும். அது நடக்கக்கூடாது."

"உங்க மனைவிகிட்ட இதைப் பேசினீங்களா?"

"அவளை எதுக்கும்மா இதுல இழுக்கணும்? அதுக்காகத்தானே உங்களைத் தேடி வந்தேன்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மைத்துனர்கிட்ட நீங்களே சொல்றதா இருந்தா சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். சொல்றதுக்கு முன்னாடி வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை தனியா பேசறீங்களா? நாங்க வெளியில இருக்கோம்."

"தேவையில்லைம்மா" என்றார் மாஸ்டர். அவசரம். துணிச்சல் வந்த சூட்டிலேயே சொல்லிவிட வேண்டும், ஆறினால் வராது என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

திரும்பி வந்து உட்காரக்கூட இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, நான் சொன்னேன். மேடு உன்னோடதுன்னு எங்க வீட்ல வெச்சுச் சொன்னேன். சொல்லலைன்னது பொய். பூட்டை இன்னைக்கே எடுத்துடறேன்."

சொல்லிவிட்டார். மலையைக் கீழே இறக்கிவைத்தாயிற்று. இப்போது மைத்துனன் எழுந்து வந்து 'மாமா' என்று கையைப் பிடிப்பான், மனைவியின் முகம் மலரும், ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தார்.

மைத்துனன் அவர் பக்கமே திரும்பவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு போன்ல நீ சொன்னது?"

"எந்த போன்?" என்றார் மாஸ்டர்.

மைத்துனன் வக்கீலம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"பூட்டு போட்ட அன்னைக்கே அக்காவுக்கு போன் பண்ணேங்க. மாமா சொன்னாரா இல்லையா, நீதானே கூட இருந்தேன்னு கேட்டேன். 'அப்படி எதுவும் சொல்லலைடா, நீயா எதையாவது நினைச்சுக்காதே'ன்னா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் கனவு கண்டேனோன்னு. ராத்திரி பகலா அதையே யோசிச்சேன். மேடு போனா போகுதுங்க. சிமென்ட்தானே, வேற எடத்துல கொட்டிக்குவேன். எனக்கு மேடு வேணும்னு நோட்டீஸ் அனுப்பலை. அக்கா என்கிட்ட பொய் சொல்லுவாளான்னு தெரியணும். நேர்ல கேட்டா மறுபடியும் அதையே சொல்லிடுவாளோன்னு பயம். கோர்ட்டுல சத்தியம் பண்ணச் சொன்னா பொய் சொல்ல மாட்டாள்னு நினைச்சேன்."

மாஸ்டர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார். கோர்ட்டில் அவள் பொய் சொல்லக்கூடாதே என்றுதான் ஊரெல்லாம் அலைந்தார். அவளோ அதை எப்போதோ சொல்லி முடித்திருக்கிறாள். இவர் மட்டும் நல்லவராகி எழுந்து நின்று உண்மையைச் சொன்னதில், இந்த அறையில் பொய்க்காரி என்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். மனைவியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவளைத்தான் கூண்டில் ஏற்றியிருந்தார்.

"மாப்ளே, அவ எனக்காகத்தான்…"

"சார்," என்றார் வக்கீலம்மா. "அவங்க சொல்லட்டும்."

மனைவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா. பொய்தான் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"நீ கோவிச்சுக்குவே. கொஞ்ச நாள் பேச மாட்டே. அப்புறம் வந்துடுவே. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான், எனக்குத் தெரியும்." கணவன் பக்கம் கையைக் காட்டினாள். "இவர்கிட்ட 'நீங்க சொன்னீங்க'ன்னு நான் சொன்னா, இவர் என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியலை. இத்தனை வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியலை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார், அது அவருக்குக் கைவந்த கலை. மாஸ்டர் ஒருநாளும் அவள்மேல் கை ஓங்கியதில்லை. அதை அவரே வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை வந்தபோதெல்லாம் என்ன செய்திருக்கிறார் என்று இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியிருக்கிறார். நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறார். நடுரோட்டில் அவளை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், தெருமுனையில் திரும்பி வந்து ஏற்றியிருக்கிறார். கடைசியாக ஒரு பூட்டு. அவள் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மைத்துனன் எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கைமேல் தன் கையை வைத்தாள். இருவரும் அழுதார்கள். வக்கீலம்மா மாஸ்டரை ஜாடை காட்டி அழைத்துக்கொண்டு வெளியில் போனார். அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருவரும் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. மாஸ்டர் எழுந்தார், உட்கார்ந்தார், கதவை நோக்கி ஓர் அடி வைத்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

மேட்டு விவகாரம் அதன்பிறகு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பூட்டு இருக்கட்டும், சாவி இருவரிடமும் இருக்கட்டும். காலை ஒருவருக்கு, மாலை ஒருவருக்கு, மாதம் மாறினால் அதுவும் மாறட்டும். வக்கீலம்மா எழுதினார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து மனைவி போட்டாள். இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்த யாரும் கேட்பார்கள்.

கீழே இறங்கியதும் மனைவி சொன்னாள்: "நான் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

போகட்டுமா என்று கேட்கவில்லை. மாஸ்டர் "சரி" என்றார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே நடந்து போவதைக் கண்ணாடிக் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அக்காவும் தம்பியும் ஒன்றாகப் போகிறார்கள். கிடைத்ததில் தனக்கு எங்கே இடம் என்றுதான் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான் தன் கதை. நாலு சுவருக்குள் ஒருத்தியிடம் கேட்டிருக்க வேண்டியதை, ஊரிலுள்ள கறுப்புக் கோட்டையெல்லாம் தேடிப்போய்க் கேட்டிருக்கிறார். அவள் வராமலே இருந்துவிட்டால் என்று ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்தோடு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அவள் வந்தாள். அழுது ஓய்ந்த முகம், ஆனால் தெளிந்திருந்தது. கைப்பையை மேசைமேல் வைத்தாள். மாஸ்டர் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பூட்டினது தப்புதானே?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் எழுந்துவிடப் போகிறாரா, சத்தம் போடப் போகிறாரா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் பேசியிருக்கிறாள் என்பதும் இப்போதுதான் புரிந்தது.

"தப்பு" என்றாள்.

சுருக்கென்றது. வாய்வரைக்கும் வந்த பதிலைக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினார்.

"வேற?" என்று கேட்டார்.

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டாள்.

"நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.